தோலில் தடிப்பு... தொழுநோயும் இல்லை, டிபியும் இல்லைன்னா வேறென்ன? சார்கோய்டோசிஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

காசநோயை 2025-க்குள் ஒழிப்பது என்று 2018-ல் இலக்கு வைத்தது இந்தியா. 2024 டிசம்பர் 7-ம் தேதி 347 மாவட்டங்களில் 100 நாள் சிறப்பு முகாம் தொடங்கியது. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்தார்கள். இன்னொரு பக்கம், தொழுநோய் பரவுவதை 2027-க்குள் முழுமையாக நிறுத்துவது என்ற இலக்கும் இருக்கிறது. அதற்காக வீடு வீடாகச் சென்று, உடம்பில் தேமல், தடிப்பு, உணர்ச்சி இல்லாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று சுகாதாரப் பணியாளர்கள் கேட்கிறார்கள்.

இந்த இரண்டு தேடல்களிலும் எதேச்சையாகக் கண்ணில் படக்கூடிய மூன்றாவது நோய் ஒன்று இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் பார்த்தால் டிபி மாதிரி தெரியும். தோலில் பார்த்தால் தொழுநோய் மாதிரி தெரியும். இரண்டுமே கிடையாது. அதன் பெயர் சார்கோய்டோசிஸ்.

பெயரைக் கேள்விப்படாதவர்களே அதிகம். ஆனால், இதை மாற்றிப் புரிந்துகொண்டால் விளைவு சாதாரணமாக இருக்காது. டிபி என்று நினைத்து ஆறு மாதம் தேவையில்லாத மாத்திரை சாப்பிட நேரலாம். தொழுநோய் என்று சொல்லப்பட்டு, அக்கம்பக்கத்தின் பார்வையையும் சேர்த்துச் சுமக்க நேரலாம். தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. சார்கோய்டோசிஸ் என்று முடிவு செய்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருந்தது டிபியாக இருந்துவிட்டால், நோய் கட்டுக்கடங்காமல் போய்விடும்.

அதனால் இந்த நோய் தோலில் எப்படித் தெரியும், மருத்துவர்கள் எப்படி உறுதி செய்கிறார்கள், எந்த இடத்தில் குழப்பம் வருகிறது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

சார்கோய்டோசிஸ் என்றால் என்ன?

உடம்புக்குள் கிருமியோ தூசியோ நுழைந்து, அதை எளிதில் அழிக்க முடியாவிட்டால், நோய் எதிர்ப்பு செல்கள் அதைச் சுற்றி வளைத்து ஒரு சின்ன முடிச்சாகத் திரண்டுவிடும். இந்த முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். டிபியிலும் தொழுநோயிலும் இதுதான் நடக்கிறது. அங்கே முடிச்சுக்குள் ஒரு கிருமி இருக்கும்.

சார்கோய்டோசிஸில் முடிச்சு இருக்கும், கிருமி இருக்காது. எதை எதிர்த்து இந்தப் படை திரண்டது என்பது இதுவரை உறுதியாகவில்லை. பரம்பரையாக வரும் உடல்வாகும், வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு தூண்டுதலும் சேர்ந்து இதைக் கிளப்பிவிடுகின்றன என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நியூயார்க்கில் இடிபாடுகளின் தூசிக்குள் வேலை செய்த தீயணைப்பு வீரர்களிடம் இந்த நோய் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்பட்டது, இந்த விளக்கத்துக்கு வலு சேர்த்தது.

இந்த முடிச்சுகள் எந்த உறுப்பிலும் வரலாம். பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ, அதை ஒட்டிய நெறிக்கட்டிகளிலோ இருக்கும். சுமார் நான்கில் ஒருவருக்குத் தோலில் தெரியும். பலருக்கு முதலில் வெளியே தெரிவதே தோல்தான். அதனால், நுரையீரல் மருத்துவரிடம் போவதற்கு முன்பே தோல் மருத்துவர் இந்த நோயைப் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

இது தொற்றுமா? கிடையவே கிடையாது. தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது. இது புற்றுநோயும் இல்லை.

கண்டுபிடித்தவர்களே தோல் மருத்துவர்கள்தான்

இந்த நோயின் வரலாறே தோலில்தான் தொடங்குகிறது. லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் 1869-ல் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி 1877-ல் பதிவு செய்தார். 1889-ல் பாரிஸில் எர்னஸ்ட் பெஸ்னியே, மூக்கிலும் விரல்களிலும் ஊதா நிறத் தடிப்பு வந்த ஒருவரைப் பார்த்து, ‘லூபஸ் பெர்னியோ’ என்று பெயர் வைத்தார். 1899-ல் நார்வேயின் சீசர் போக், தோலில் இருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ‘சார்கோமா’ என்ற புற்றுநோய் போலத் தோன்றியது, ஆனால் ஆபத்தில்லாத கட்டி. எனவே ‘சார்காய்ட்’ என்றார். இன்றைய பெயர் அங்கிருந்து வந்தது.

இதே நார்வேயில்தான் 1873-ல் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1882-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் டிபி கிருமியைக் கண்டறிந்தார். ஒன்றைப் போல ஒன்று தெரியும் மூன்று நோய்களில் இரண்டுக்குக் கிருமி கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சென்னைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் ஆர்.வி. ராஜமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1957-லேயே ஒரு சார்கோய்டோசிஸ் நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ‘இது வெள்ளைக்காரங்க நோய், நம்ம ஊர்ல வராது’ என்ற எண்ணம் ரொம்ப காலம் இருந்தது. வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. டிபி என்ற பெயரில் மறைந்து கிடந்தது என்பதே இந்திய நுரையீரல் மருத்துவர்கள் பிறகு சொன்ன விளக்கம்.

தோலில் எப்படியெல்லாம் தெரியும்?

இங்கேதான் முதல் சிக்கல். பால்வினை நோயான சிபிலிஸைப் போலவே, சார்கோய்டோசிஸையும் ‘பல வேஷம் போடும் நோய்’ என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முக்கியமான வடிவங்கள் இவை:

• சின்னச் சின்னப் பருக்கள்: கண் இமை, மூக்கு ஓரம், உதட்டைச் சுற்றி, பிடரி ஆகிய இடங்களில் மிளகு அளவில் வரும். கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. முகப்பரு என்று நினைத்து மாதக்கணக்கில் க்ரீம் தடவுபவர்கள் உண்டு.

• தடித்த திட்டுகள்: கை, முதுகு, முகம் ஆகிய இடங்களில் நாணயம் அளவிலோ அதற்கு மேலோ வரும். சில நேரம் ஓரம் தடித்து, நடுப்பகுதி அமுங்கி, வளையம் போல இருக்கும். படர்தாமரை என்று நினைத்துவிட இது ஒன்றே போதும்.

• லூபஸ் பெர்னியோ: மூக்கு நுனி, கன்னம், காது மடல், விரல்களில் பளபளப்பான ஊதா நிற வீக்கம். இது வந்தால் மூக்கின் உட்பகுதியும் நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தானாக மறையாது, தழும்பு விடும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ‘லூபஸ்’ என்ற மூட்டு, சிறுநீரக நோய் வேறு. ‘லூபஸ் வல்காரிஸ்’ என்ற தோல் டிபி வேறு. மூன்றுக்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை.

• பழைய தழும்பு விழித்துக்கொள்வது: பல வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்த தழும்பு, அடிபட்ட இடம், பச்சை குத்திய இடம் திடீரென்று சிவந்து, தடித்து, மேடாகும். டாட்டூ போட்ட இடத்தில் குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டும் தடிப்பது மை ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஆனால் சார்கோய்டோசிஸின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

• தோலுக்கு அடியில் உருண்டைகள்: முன்கையில் வரிசையாக, வலிக்காத உருண்டைகள். மேல் தோல் சாதாரணமாகவே இருக்கும். கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடுவார்கள்.

• நிறம் வெளுத்த தேமல்: கருநிறத் தோலில் அதிகம் தெரியும் வடிவம். தொழுநோயோடு அதிகம் குழப்பம் வருவது இதில்தான்.

• மீன் செதில் போன்ற வறட்சி: முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக மாறும். ‘வயசானா தோல் காயத்தான் செய்யும்’ என்று கடந்துபோய்விடக்கூடிய அறிகுறி.

இவை எல்லாவற்றிலும் திசுவை எடுத்துப் பார்த்தால் கிரானுலோமா இருக்கும். இன்னொரு வகை இருக்கிறது, அதில் இருக்காது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் தொட்டாலே வலிக்கும் சிவந்த முண்டுகள் வரும். எரிதீமா நோடோசம் என்று பெயர். இதனுடன் கணுக்கால் வீக்கம், காய்ச்சல், எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெறி வீக்கம் சேர்ந்தால், அது லோஃப்கிரென் சிண்ட்ரோம். பார்க்கப் பயமாக இருந்தாலும், சார்கோய்டோசிஸ் வகைகளிலேயே நல்ல முடிவைத் தருவது இதுதான். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் இந்தியாவில் இப்படிக் கால் முண்டுகள் வந்தவுடன் சார்கோய்டோசிஸ் என்று முடிவு கட்ட முடியாது. தொண்டைத் தொற்று, சில மாத்திரைகள், டிபி ஆகியவையும் அதே முண்டுகளைக் கொண்டுவரும். தொழுநோயில் சிகிச்சையின்போது வரும் ஒரு வகை எதிர்வினையும் ஏறக்குறைய இதே போல இருக்கும். ஆனால் அது முகத்திலும் கையிலும் கூட வரும்.

மாநிறம், கருநிறத் தோலில் என்ன வித்தியாசம்?

பாடப்புத்தகங்களில் சார்கோய்டோசிஸ் ‘சிவந்த பழுப்பு நிறத்தில்’ இருக்கும் என்று எழுதியிருக்கும். அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கரும்பழுப்பாக, ஊதாவாக, சாம்பலாக, அல்லது வெளுப்பாகத் தெரியும்.

கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திப் பார்ப்பது தோல் மருத்துவர்களின் பழைய உத்தி. ரத்தம் விலகியதும், கிரானுலோமா இருந்தால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் தெரியும். ‘ஆப்பிள் ஜெல்லி’ நிறம் என்பார்கள். கருநிறத் தோலில் இதுவும் தெளிவாகத் தெரியாது. தெரிந்தாலும், தோல் டிபியிலும் இதே நிறம்தான் வரும். அதாவது, ‘கிரானுலோமா இருக்கலாம்’ என்பது வரை சொல்லும், எந்த நோய் என்று சொல்லாது.

இந்த வித்தியாசம் யாரைப் பாதிக்கிறது என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். டெட்ராய்டில் நடந்த ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் கறுப்பினத்தவர் 35 பேருக்கும், வெள்ளையினத்தவர் 11 பேருக்கும் புதிதாக இந்த நோய் வருவது தெரிந்தது. நோய் அதிகமாக வரும் தோல் நிறம் ஒன்று, புத்தகத்தில் அதிகமாக அச்சான தோல் நிறம் வேறு.

தொழுநோயோடு குழப்பம் எங்கே வருகிறது?

உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். அதனால் வெளுத்த தேமலோ தடிப்போ வந்தால் மருத்துவர் முதலில் தொழுநோயை நினைப்பது தவறு இல்லை, அதுதான் சரி. அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம்.

மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா? பஞ்சால் வருடி, சூடு, குளிர்ச்சி காட்டிச் சோதிப்பார்கள். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும், வியர்வை வராது, முடி உதிரும். சார்கோய்டோசிஸில் பெரும்பாலும் உணர்ச்சி அப்படியே இருக்கும். இரண்டு, முழங்கை, கழுத்து, முழங்கால் பக்கத்து நரம்புகள் தடித்திருக்கிறதா? தடித்திருந்தால் தொழுநோய் பக்கம் சாயும். மூன்று, தோலைச் சின்னதாகக் கீறி எடுக்கும் ஸ்மியர் பரிசோதனை.

ஆனா இங்கேயும் ஒரு சிக்கல். கிருமி குறைவாக இருக்கும் தொழுநோய் வகையில் ஸ்மியர் ‘இல்லை’ என்றே வரும். முகத்தில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால், தொழுநோய்த் தேமலாக இருந்தாலும் அங்கே உணர்ச்சி போகாமல் இருக்கலாம். அதனால் முகத்தில் மட்டும் ஒரு தடிப்பு, ஸ்மியரில் கிருமி இல்லை என்றால், கண்ணால் பார்த்து முடிவு செய்வது யாருக்கும் கஷ்டம். அப்போதுதான் திசுப் பரிசோதனை தேவைப்படுகிறது.

உறுதி செய்வது எப்படி?

‘சார்கோய்டோசிஸ் டெஸ்ட்’ என்று தனியாக ஒன்று கிடையாது. ரத்தம் கொடுத்து, மாலையில் ரிசல்ட் வாங்கி, ‘ஆமா, இதுதான்’ என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்கள் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. அறிகுறிகள் பொருந்த வேண்டும். திசுவில் அழுகல் இல்லாத கிரானுலோமா இருக்க வேண்டும். அதே மாதிரி தெரியும் மற்ற நோய்கள் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனைதான் இந்தியாவில் பெரிய வேலை. உலக டிபி சுமையில் சுமார் கால் பங்கு உள்ள நாட்டில், ‘மற்றதெல்லாம் இல்லை’ என்று எழுதும் முன் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் படி, பயாப்ஸி. தோலில் இருப்பதால் இது எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, பொதுவாக 4 மில்லிமீட்டர் அகல வட்டக் கத்தியால் ஆழமாக ஒரு துண்டு எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். நுரையீரலுக்குள் குழாய் விட்டுத் திசு எடுப்பதோடு ஒப்பிட்டால் வலியும் ஆபத்தும் ரொம்பக் குறைவு. அதனால்தான் இந்த நோய் சந்தேகம் வந்தால், நுரையீரல் மருத்துவர்கள்கூட நோயாளியின் தோலை முதலில் தேடிப் பார்க்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால், கிருமி செத்துவிடும். பிறகு கல்ச்சர் செய்ய முடியாது. எனவே ஒரு பகுதியை ஃபார்மலினிலும், இன்னொரு பகுதியை சலைனிலும் அனுப்ப வேண்டும். இதை மறந்தால், பிறகு சந்தேகம் வரும்போது மறுபடியும் ஊசி, மறுபடியும் கத்தி.

இரண்டாவது படி, மைக்ரோஸ்கோப். சார்கோய்டோசிஸ் கிரானுலோமா கச்சிதமாக, சுற்றிலும் மற்ற செல்கள் குறைவாக, ‘வெறுமையாக’ இருக்கும். நடுவில் அழுகல் இருக்காது. டிபியில் நடுவில் பாலாடைக்கட்டி போன்ற அழுகல் இருக்கும் என்பது பொது விதி. தொழுநோயில் முடிச்சுகள் நரம்பைப் பின்தொடர்ந்து போய் அதை அழிக்கும். படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. நடைமுறையில், தோல் டிபியில் பல நேரம் அழுகல் இருக்காது. அதனால் வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவது படி, சிறப்புச் சாயங்கள். டிபி கிருமிக்கு சீல்-நீல்சன் சாயம், தொழுநோய்க் கிருமிக்கு ஃபைட்-ஃபராகோ சாயம், பூஞ்சைக்குத் தனிச் சாயங்கள். தொழுநோய்க் கிருமி வழக்கமான சாயத்தில் எளிதாகக் கழுவப்பட்டுப் போய்விடும் என்பதால்தான் அதற்குத் தனிச் சாயம். இதோடு, கண்ணாடித் தூள், மணல், டாட்டூ மை போன்ற அந்நியப் பொருள் உள்ளே இருக்கிறதா என்று சிறப்பு ஒளியில் பார்ப்பார்கள். அந்நியப் பொருள் இருந்தாலும் சார்கோய்டோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நான்காவது படி, கல்ச்சரும் பி.சி.ஆரும். டிபி கல்ச்சர் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். பி.சி.ஆர் வகைப் பரிசோதனைகள் சீக்கிரம் சொல்லிவிடும். ஆனால் தோல் டிபியில் கிருமி எண்ணிக்கை குறைவு என்பதால், ‘இல்லை’ என்ற பதில் முழு உத்தரவாதம் ஆகாது.

எரிதீமா நோடோசம் முண்டில் பயாப்ஸி எடுத்தால் சார்கோய்டோசிஸ் தெரியாது. அங்கே கொழுப்பு அடுக்கின் வீக்கம் மட்டுமே இருக்கும்.

‘மாண்டோ நெகட்டிவ்’ வந்தா நல்ல செய்திதானே?

கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கும் மாண்டோ பரிசோதனை பலருக்குத் தெரியும். இந்தியாவில் பெரியவர்களில் கணிசமானோருக்கு டிபி கிருமியின் அறிமுகம் ஏற்கெனவே இருப்பதால், தடிப்பு வருவது சகஜம்.

சார்கோய்டோசிஸில் வினோதமான ஒன்று நடக்கும். உறுப்புகளில் எதிர்ப்பு செல்கள் குவிந்து கிடக்கும், ஆனால் ஊசி போட்ட இடத்தில் தோல் எதிர்வினையே காட்டாது. அதனால் ஒருவருக்கு டிபி போலவே நெறி வீக்கம், தோலில் தடிப்பு இருந்தும் மாண்டோ முழு நெகட்டிவ் என்றால், அது சார்கோய்டோசிஸ் பக்கம் விரல் நீட்டும் ஒரு குறிப்பு. குறிப்பு மட்டுமே. சத்துக்குறைவு, எச்.ஐ.வி, தீவிர டிபி ஆகியவற்றிலும் மாண்டோ நெகட்டிவ் வரும்.

ஏ.சி.இ என்ற ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி எழுதிக்கொடுக்கப்படுகிறது. இது சார்கோய்டோசிஸ் உள்ள எல்லோருக்கும் உயர்வதில்லை. டிபி, தொழுநோய், சர்க்கரை நோயில்கூட உயரலாம். ‘ஏ.சி.இ அதிகம், அதனால் சார்கோய்டோசிஸ்’ என்பதும் தவறு, ‘ஏ.சி.இ நார்மல், அதனால் இல்லை’ என்பதும் தவறு.

தோலோடு நின்றுவிடுமா?

தோலில் உறுதியானதும் அடுத்த கேள்வி இதுதான். நோயாளிக்கு இருமல், மூச்சுத்திணறல் எதுவும் இல்லாவிட்டாலும் சில பரிசோதனைகள் தேவை.

நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரல் திறன் பரிசோதனை ஆகியவை முதலில். கண் பரிசோதனை கட்டாயம். ஏனென்றால் கண்ணுக்குள் வரும் அழற்சி வலி இல்லாமலே பார்வையைக் குறைக்கும். ஈ.சி.ஜி எடுப்பார்கள். படபடப்பு, மயக்கம் இருந்தால் இதயத்துக்கு மேல் பரிசோதனை. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரெஜி வைட் 2004-ல் 43 வயதில் திடீரென இறந்தபோது, இதயத் துடிப்புக் கோளாறும், அதன் பின்னணியில் சார்கோய்டோசிஸும் இருந்திருக்கலாம் என்று தெரிவிக்கப்பட்டது. இதயப் பாதிப்பு குறைவானவர்களுக்கே வரும், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்தத்தில் கால்சியம் அளவும் பார்க்க வேண்டும். கிரானுலோமா செல்கள் வைட்டமின் டி-யை அதன் வீரியமான வடிவத்துக்குத் தாமாகவே மாற்றுகின்றன. கால்சியம் எகிறும், சிறுநீரகக் கல் வரலாம். வழக்கமான வைட்டமின் டி பரிசோதனையில் அளவு குறைவாகவும், உடம்பில் வீரியமான வடிவம் அதிகமாகவும் இருக்கலாம். இது தெரியாமல் வைட்டமின் டி பாக்கெட்டைக் குடித்தால் நிலைமை மோசமாகும். சார்கோய்டோசிஸ் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கால்சியம், வைட்டமின் டி எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன விலை?

இந்தியாவில் டிபி என்று பதிவாகும் எல்லோருக்கும் கிருமி நேரடியாகக் கண்டறியப்படுவதில்லை. ஒரு பகுதியினர் அறிகுறி, எக்ஸ்ரே, திசு வடிவம் ஆகியவற்றை வைத்து மருத்துவரின் கணிப்பில் சேர்க்கப்படுகிறார்கள். டிபியைத் தவறவிடுவதன் ஆபத்து பெரிது என்பதால் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ‘கிரானுலோமா’ என்ற ஒரு சொல் ரிப்போர்ட்டில் வந்தாலே ‘டிபி’ என்று படிக்கும் பழக்கத்தில், சார்கோய்டோசிஸ் நோயாளிகளும் சேர்ந்து போய்விடுகிறார்கள்.

ஆறு மாத டிபி சிகிச்சையில் சில மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கலாம், ஒரு மாத்திரை கண் பார்வையைப் பாதிக்கலாம். ஏற்கெனவே கண்ணில் சார்கோய்டோசிஸ் இருப்பவருக்கு இது இரட்டை அடி. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் தடிப்போ நெறியோ அசையவில்லை என்றால், மருந்துக்கு அடங்காத டிபியா என்று பார்க்கிற அதே நேரத்தில், முதலில் போட்ட கணக்கு சரிதானா என்றும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது. சார்கோய்டோசிஸுக்குத் தரும் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், இன்ஃப்ளிக்ஸிமாப் எல்லாமே எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. உள்ளே டிபி இருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஆரம்பத்தில் ஸ்டீராய்டு டிபியின் வீக்கத்தையும் குறைக்கும் என்பதால், ‘மருந்து கேக்குது’ என்ற போலி நிம்மதியும் வரும்.

மருந்துக் கடைக் களிம்பு மூன்றாவது தடை. ஸ்டீராய்டு கலந்த க்ரீமைச் சொந்தமாக வாங்கிப் போட்டால், தடிப்பின் தோற்றம் மாறி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

சிகிச்சை என்ன?

எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படாது. பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சில ஆண்டுகளில் நோய் தானாகவே அடங்கிவிடுகிறது. தோலில் மட்டும் குறைவாக இருந்தால் தடவும் ஸ்டீராய்டு, தடிப்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி போதும். பரவலாக இருந்தால் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை. லூபஸ் பெர்னியோ போன்ற பிடிவாதமான வகைக்கு இன்ஃப்ளிக்ஸிமாப். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடங்கும் முன் டிபி பரிசோதனை மறுபடியும் அவசியம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? என்ன கேட்கலாம்?

அரிப்போ வலியோ இல்லாத தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் மாறாமல் இருந்தால், பழைய தழும்போ டாட்டூவோ திடீரென்று மேடானால், மூக்கு, காது மடலில் ஊதா நிற வீக்கம் வந்தால் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இவற்றோடு கண் சிவப்பு, மங்கலான பார்வை, படபடப்பு, மூச்சுத்திணறல் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது.

போகும்போது இதுவரை தடவிய களிம்புகளின் பெயரையும், பழைய எக்ஸ்ரேயையும் கொண்டு போகலாம். பயாப்ஸி எடுத்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம்: கல்ச்சருக்கும் தனியாகத் திசு அனுப்புகிறீர்களா? டிபி, தொழுநோய், பூஞ்சை மூன்றுக்கும் சாயம் போட்டுப் பார்த்தாச்சா? ரிப்போர்ட்டில் ‘கிரானுலோமா’ என்று மட்டும் இருந்தால், எந்த நோய் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அரசு என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. டிபிக்கும் தொழுநோய்க்கும் ஏற்கெனவே கிராமம் வரை நீளும் வலைப்பின்னல் இருக்கிறது. பணியாளர், எக்ஸ்ரே, கிருமிப் பரிசோதனைக் கூடம் எல்லாம் இருக்கின்றன. அந்த வலையில் மாட்டி, ஆனால் இரண்டு நோய்க்கும் கிருமி கிடைக்காதவர்களை எங்கே அனுப்புவது என்ற வழிதான் தெளிவாக இருக்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவு, அங்கே பயாப்ஸி, அதே இடத்தில் எல்லாச் சாயங்களும், பிறகு நுரையீரல், கண் பிரிவு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் தேறாத, கிருமி நிரூபிக்கப்படாத டிபி நோயாளிகளின் திசுவை மறுபடியும் எடுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. அப்படிப் பார்த்தால், டிபி கணக்கில் எத்தனை பேர் வேறு நோயோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியவரும். அவர்களுக்கும் அது நல்லது, டிபி ஒழிப்புக் கணக்குக்கும் அது நல்லது.